நண்பரைக் காட்டிக்கொடுப்பது துரோகமா?

ஒருவர் கொலை செய்துவிடுகிறார். கொல்லப்பட்டவன் அவருடைய மகனைக் கொன்றவன். இந்த உண்மை அவருடைய நெருங்கிய தோழிக்குத் தெரியவருகிறது. தோழியோ காவல்துறை அதிகாரி. அவர் வாய் திறக்க வேண்டுமா, மௌனம் காக்க வேண்டுமா? சுவீடனும் டென்மார்க்கும் இணைந்து தயாரித்த ‘தி பிரிட்ஜ்’ தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவம், 2013இல், இந்தக் கேள்வியைப் பார்வையாளர் முன் வைத்துவிட்டுத்தான் முடிந்தது. மால்மோ நகரக் காவல் அதிகாரி சாகா நொரேன், கோபன்ஹேகன் அதிகாரி மார்ட்டின் ரோடெயைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறார். மார்ட்டின் கைதாகிறார். சாகாவுக்கு இருந்த ஒரே நண்பர் அவர்தான்.

இந்தச் செயலைக் கடமை என்று சிலர் போற்றலாம், நன்றிகெட்ட செயல் என்று பலர் வெறுக்கலாம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு விளக்கமும் உண்டு: “அவர் பிறவியே அப்படி, விதியைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்.” மூன்றிலும் மிக அநீதியானது இந்தக் கடைசி விளக்கம்தான். ஒரு மனிதர் எடுத்த அறமுடிவை அவருடைய குறையின் கணக்கில் எழுதிவிடுகிறது அது.

அந்த விளக்கத்துக்குத் தொடர் இடம் தருவதையும் மறுப்பதற்கில்லை. சோஃபியா ஹெலின் நடித்த சாகாவுக்குப் பூசிமெழுகிப் பேசத் தெரியாது. நலம் விசாரிப்பது எதற்கென்று புரியாது. அலுவலகத்தின் நடுவில், சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போதே, சட்டையை மாற்றிக்கொள்வார். அவருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று பார்வையாளர்கள் பேசிக்கொண்டார்கள். தொடர் மட்டும் எந்த மருத்துவப் பெயரையும் அவர்மேல் ஒட்டவில்லை. திரைக்கதையை உருவாக்கிய ஹான்ஸ் ரோசன்ஃபெல்டும் குழுவினரும் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. பெயர் ஒட்டியிருந்தால் சாகாவின் ஒவ்வொரு முடிவும் நோய்க்குறியாகச் சுருங்கியிருக்கும்.

2011இல் வந்த முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். மால்மோவையும் கோபன்ஹேகனையும் இணைக்கும் ஒரேசுண்ட் பாலத்தின் நடுவே, இரு நாட்டு எல்லைக்கோட்டின் மீது ஒரு பிணம் கிடக்கிறது. அந்த நேரத்தில், மாற்று இதயத்துக்குக் காத்திருக்கும் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் வருகிறது. தடயம் கெட்டுவிடும் என்று சாகா வழிவிட மறுக்கிறார். மார்ட்டின் விட்டுவிடுகிறார். அதற்காக அவர்மீது புகார் கொடுப்பதாகச் சாகா சொல்கிறார்.

இங்கே சாகா செய்தது தவறு. சம்பவ இடத்தைக் காப்பது எதற்காக? ஓர் உயிர் போனதற்கு நீதி கிடைப்பதற்காக. இன்னோர் உயிரைப் பலிகொடுத்துத் தடயத்தைக் காப்பாற்றினால், விதி தான் பிறந்த காரணத்தையே மறந்துவிடுகிறது. அதற்கான விலையையும் சாகா கொடுக்கப்போவதில்லை. வண்டிக்குள் படுத்திருப்பவர்தான் கொடுக்கப்போகிறார். பிறர் உயிரைச் செலவழித்து நேர்மை காப்பவர் நேர்மையின் பாதியைத்தான் அறிந்தவர்.

அப்படியானால் மார்ட்டின் விஷயத்திலும் அதே தவற்றைத்தான் செய்தாரா? இல்லை என்பதற்கான முதல் சான்று முதல் பருவத்தின் முடிவிலேயே இருக்கிறது. ஜென்ஸ் என்ற கொலைகாரன் மார்ட்டினின் மகன் ஆகஸ்டைக் கொன்றுவிட்டான். பாலத்தின் மேல் ஜென்ஸுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டியபடி மார்ட்டின் நிற்கிறார். மகன் இறந்தது சாகாவுக்குத் தெரியும். ஆனாலும் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லப் பார்க்கிறார். பொய் சொல்லிப் பழகாத முகம் காட்டிக்கொடுத்துவிடுகிறது, மார்ட்டினுக்குப் புரிந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் நண்பரையே சுட்டு, அவர் கொலைகாரனாகிவிடாமல் தடுக்கிறார் சாகா. நண்பருக்காகப் பொய் சொல்லத் துணிந்தவரை உணர்ச்சியற்ற எந்திரம் என்று எப்படிச் சொல்வது? விதியை மீறக்கூடிய இடம் எது, கூடாத இடம் எது என்று அவர் தேடத் தொடங்கிவிட்டார்.

எதிர்த்தரப்பு வாதமும் வலுவானதுதான். ஜென்ஸ் பல உயிர்களைப் பறித்தவன். பின்னர் அவன் சிறையில் நஞ்சால் சாகிறான்; சாகா சொன்னது இந்தக் கொலையைப் பற்றித்தான். அவனுக்காக அழ ஆளில்லை. மார்ட்டின் மகனை இழந்தவர், இனி யாருக்கும் ஆபத்தானவரும் அல்லர். எல்லோரும் விலகி நின்ற சாகாவை அப்படியே ஏற்றுக்கொண்டவரும் அவரே. தீங்கு பயக்காத சொல்லையே வாய்மை என்று வள்ளுவர் வரையறுக்கிறார். சாகா சொன்ன உண்மை ஒரு குடும்பத்தை அழித்தது, மௌனமோ யாரையும் அழித்திருக்காது. பிறகு அந்த உண்மை எப்படி வாய்மையாகும்?

தீங்கின் கணக்கைக் கண்ணுக்குத் தெரிகிறவர்களோடு நிறுத்திக்கொள்வதால் வரும் கேள்வி இது. ஜென்ஸ் இறந்தது சிறையில். சிறைவாசி எவ்வளவு கொடியவனாயினும், அடைபட்ட பிறகு அவன் உயிர் அரசின் பொறுப்பு. ஓடவோ தற்காத்துக்கொள்ளவோ அவனால் முடியாது. சுவீடனில் கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 1910இல், டென்மார்க்கில் 1950இல். சட்டமே வேண்டாமென்று கைவிட்ட தண்டனையைக் காவலர் ஒருவர் தனியாக நிறைவேற்றுகிறார். சக காவலர் அதை மறைக்கிறார் என்றால், அந்த நாட்டில் மரண தண்டனை திரும்பி வந்துவிட்டது என்றே பொருள். இந்த முறை வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை. அடுத்து அதே சிறையில் அடைபடுகிறவர் நிரபராதியாகவும் இருக்கலாம். சாகாவின் மௌனம் அவருக்குச் செய்யும் தீங்கையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு முழுமையாகும்.

ஜென்ஸின் கதையே இதற்கு இன்னொரு சான்று. அவனும் முன்னாள் காவலன்தான். அவன் மனைவிக்கும் மார்ட்டினுக்கும் உறவு இருந்தது. மனைவியும் மகனும் இதே பாலத்தில் நடந்த விபத்தில் இறந்தார்கள். தன் துயரம் தனக்கு எல்லா உரிமையையும் தந்துவிட்டதாக நம்பியே அவன் கொலைகளில் இறங்கினான். இரு குற்றங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது; ஒன்றுமறியாத பலரைக் கொன்றவன் ஜென்ஸ். ஆனால் துயரம் கொல்ல உரிமை தரும் என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவானது. அந்த எண்ணத்தை ஒருவரிடம் கண்டித்துவிட்டு, நண்பர் என்பதற்காக இன்னொருவரிடம் கண்டுகொள்ளாமல் விடுவது இரக்கமாகாது, பாரபட்சமே ஆகும்.

நண்பர் தனக்குச் செய்த பிழையை மன்னிக்க நண்பருக்கு முழு உரிமை உண்டு. இன்னொருவருக்குச் செய்த பிழையை மன்னிக்கும் உரிமை நட்பால் வருவதில்லை. மார்ட்டினின் துயரத்துக்கு எடை இருக்கிறது. அந்த எடையைப் போட வேண்டிய இடம் நீதிமன்றம். அங்கே மகனை இழந்த தந்தையின் நிலையை எடுத்துச் சொல்லலாம், தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம். மூடிமறைத்துவிட்டால் குற்றத்தோடு துயரமும் சேர்ந்தே புதைந்துபோகும்.

ஆம்புலன்ஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. அங்கே விதியைக் காக்க வேறொருவர் உயிரைப் பணயம் வைத்தார் சாகா. இங்கே பிற கைதிகளின் உயிருக்கு அரணாக நிற்கும் விதியைக் காத்தார். அதற்கு மார்ட்டின் கொடுத்த விலை அவர் செய்த செயலுக்கானது. சாகா கொடுத்த விலையோ தன் ஒரே நட்பு. மூன்றாம் பருவத்தில் ஹன்னெ என்ற டேனிஷ் அதிகாரி அவர்மீது காட்டும் வெறுப்பும் அந்த விலையின் தொடர்ச்சிதான். உண்மை சொல்வதில் சொல்பவருக்கும் இழப்பு உண்டு என்றால் மட்டுமே அந்த உண்மை அறமாகும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த இழப்பையும் பொருட்படுத்தாமல் சொல்லப்பட்ட உண்மையைச் சூடு சொரணையற்ற பழக்கம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆகவே சாகா செய்தது சரியே. விதி என்பதாலேயே அது சரியாகிவிடவில்லை. கைதியின் உயிரைக் காவலரிடமிருந்தும் காக்க வேண்டும் என்பதால் சரியாகிறது. அதே நேரத்தில், சொல்லிவிட்டதோடு நட்பின் கடன் தீர்ந்துவிடாது. குற்றத்தை மறைக்க மறுத்தவர், குற்றவாளியான நண்பரைக் கைவிட வேண்டியதில்லை. அவரைச் சிறையில் போய்ப் பார்ப்பதும், வெளியே வரும் நாளில் உடன் நிற்பதும் எந்தச் சட்டத்துக்கும் விரோதமில்லை. நீதிக்கு உண்மையையும் நண்பருக்குத் துணையையும் ஒருசேரத் தர மனிதரால் முடியும். ஒன்றைக் காரணம் காட்டி மற்றதை மறுக்கும்போதுதான் துரோகம் தொடங்குகிறது.