ஆதாயமில்லாத சவாரி

வியாபாரி ஒருவன், போகவேண்டிய வேலையும் கொண்டுபோகச் சரக்கும் இல்லாமல், வெறுமனே சைக்கிளில் சுற்றி வரலாமா? அது பொழுதை வீணாக்குவதாகாதா? இதை விளையாட்டாகக் கேட்பாரும் உளர். குற்றமாகக் கேட்பாரும் உளர். கடைக்காரர்களாகிய நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

நம்மவர்க்குச் சைக்கிள் புதிதல்ல. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் பலர் அதில்தான் ரொட்டி விற்றார்கள். அரிசியும் மளிகையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சைக்கிள் அவர்களுக்குப் பொதி சுமக்கும் மாடு. ஆகவே, சுமையில்லாத சைக்கிளைக் கண்டால், சரக்கில்லாத கடையைக் கண்டதுபோல் நம் மனம் கூசுகிறது. உழைப்பிலிருந்து வந்த கூச்சம் அது, பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது.

"தேகத்துக்கு நல்லது, ஆகவே ஓட்டலாம்" என்று சிலர் சமாதானம் சொல்வர். உண்மைதான். ஆயினும் இதுவும் வியாபாரக் கணக்கே அன்றோ? இன்பத்துக்கும் ஒரு ரசீது எழுதி வைத்தால்தான் நமக்கு நிம்மதி போலும்!

நகரத்தில் வாழும் நமக்கு அமைதியான நாட்டுப்புறம் எங்கே என்பீர்கள். சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு உபின் தீவு இருக்கிறது. சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். கால் மணி நேரத்தில் அக்கரை. ஜெட்டியருகே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சற்றுத் தூரம் மிதித்தால் சந்தடி ஓய்ந்து, தென்னையும் ரப்பர் மரமும் பலகை வீடுகளுமே கண்ணில் படும்.

அதுவும் ஒரு காலத்தில் வியாபாரத் தீவே. 1851ல் கட்டி முடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924ல் முறைப்படி திறக்கப்பட்ட ஜோகூர் பாலத்துக்கும் அதன் கருங்கல் போயிற்று. 1999ல் கல்லுடைப்பு நின்றது. இன்று அக்குழிகளில் நீர் நிறைந்திருக்கிறது. சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. தீவின் கிழக்கு முனையான செக் ஜாவாவில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தை, 2001 டிசம்பரில் அரசாங்கம் தள்ளி வைத்தது. ஒவ்வொரு சாண் நிலத்துக்கும் விலை பார்க்கும் நாடே, நண்டும் நட்சத்திர மீனும் வாழும் ஓரிடத்தை இன்றளவும் விட்டு வைத்திருக்கிறது. அப்படியிருக்க, வாரத்தில் ஒரு காலைப் பொழுதை விற்காமல் வைத்துக்கொள்வது தகாத காரியமா?

சைக்கிளில் போகிறவனுக்கு வானமும் ஒரு பாடம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா காற்று விடியற்காலையில் திடீரென்று இருண்டு வந்து, அடித்துப் பெய்து, ஓரிரு மணியில் ஓய்ந்துவிடும். டிசம்பரில் சில நாட்கள் ஓயாமல் பெய்யும். பிப்ரவரியிலோ வறண்ட காற்று எதிர்த்து நின்று தள்ளும். எதனோடும் பேரம் பேசிப் பழகியவன், மழையோடு பேரம் பேச முடியாதென்று அங்கே அறிகிறான். நனைந்த சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. மெல்லத்தான் போக வேண்டும். இடி இடித்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். பெய்து ஓய்ந்தபின், ஈரமண் வாசத்தில் மிதித்துப் போகும் சுகத்துக்கு விலைச்சீட்டு இல்லை.

நிற்க. இதற்கு எல்லையும் உண்டு. கொடுக்கவேண்டிய கடனைக் கொடாமலும், வீட்டாரைக் கவனியாமலும் சுற்றுவது இன்பமன்று, ஓடி ஒளிவதாகும். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று: முதலாளி சவாரி போகும் காலையில் கடையில் நிற்பவன் யார்? சிப்பந்தி. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் சொல்கிறது. அந்நாளில் அவன் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்கிறோம். நாம் சும்மா சுற்றினால் மனத்துக்கு ஆறுதல் என்கிறோம். வாங்க ஒரு படிக்கல், விற்க ஒரு படிக்கல் வைப்பது கடையில் மோசடி. மனத்தில் வைத்தால் மட்டும் நேர்மையாகிவிடுமா?

பிறர்க்குத் தீங்கும் கடமைக்குக் குறைவும் இல்லாத இன்பத்துக்கு ஆதாயம் காட்ட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ஆனால், அந்த உரிமை நமக்கு வேண்டுமானால், நம்மிடம் உழைப்பவனுக்கும் அதைக் கேள்வி கேளாமல் கொடுக்க வேண்டும். அவன் விடுமுறைப் பொழுதுக்கு நாம் கணக்குக் கேட்காதிருக்கும்போதுதான், நம் சவாரியும் கூச்சமில்லாத சவாரியாகும். சகோதரர்களே, சிந்திப்போமாக.