மாணாக்கரும் மனவொருமையும்

கல்வி கற்கும் பருவத்தினரிடத்தே இக்காலத்தில் அடிக்கடி கேட்கப்படும் முறைப்பாடு ஒன்றுண்டு. "புத்தகத்தை விரிக்கின்றேன், மனம் நிற்கின்றதில்லை" என்பதே அது. பெற்றார் இதனைச் சோம்பல் என்பர். ஆசிரியர் முயற்சியின்மை என்பர். மாணாக்கனோ தன் அறிவே குறைவுடையது என்று தன்னைத் தானே இகழ்ந்து தளர்வான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடங்கிக் க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஈறாகப் பிள்ளைகளின் இளமை முழுதும் பரீட்சைகளாலே அளக்கப்படும் நம் நாட்டிலே, இம்முறைப்பாடு சிறியதொன்றன்று. மனம் நில்லாமைக்குக் காரணம் யாது? அதனை நிறுத்துதல் மாணாக்கனுடைய கடமையாயின், அக்கடமையை அவன் எப்பொழுது, எவ்விடத்திலே செய்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் சைவசித்தாந்த நெறி நின்று ஆராய்வாம்.

மனவொருமை என்பது ஒருவகை வலிமை என்றும், அவ்வலிமை சிலருக்கு மிகுதியாயும் சிலருக்குக் குறைவாயும் அமைந்துள்ளது என்றும் பலரும் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்தாது. என்னையெனின், பாடத்திலே கால் நாழிகை மனம் நிறுத்த மாட்டாத அதே மாணாக்கன், கைத்தொலைபேசியிலே ஒரு விளையாட்டைத் தொடங்கினானாயின், தாய் உணவுக்கு அழைப்பதும் கேளாதவனாய் மூன்று மணி நேரம் அசையாதிருக்கின்றான். ஒருமை அவனிடத்தில் இல்லையென்று யார் சொல்ல வல்லார்? ஒருமை உண்டு, அது சென்று பற்றிய இடமே வேறு. சூதாடுவோனுக்கும் ஒருமை உண்டு; மீன் வரவு பார்த்து நீரிலே நிற்குங் கொக்குக்கும் ஒருமை உண்டு. ஆதலின், ஒருமை தன்னளவிலே அறமுமன்று, மறமுமன்று. அது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

நம் சித்தாந்த நூல்கள் ஆன்மாவுக்குக் கூறும் இயல்புகளுள்ளே தலையாயது சார்ந்ததன் வண்ணமாதல். படிகமானது தனக்கென ஒரு நிறங் காட்டாது, அருகே வைத்த பொருளின் நிறத்தையே தன்னிறமாகக் காட்டுதல் போல, ஆன்மாவும் தான் எதனைச் சாருமோ அதுவாய் நிற்கும். ஒன்றையுஞ் சாராது தனித்து நிற்றல் அதற்கு இயல்பன்று. இவ்வுண்மையை மாணாக்கன் செவ்விதின் உணர்வானாயின், அவனுடைய போராட்டத்தின் பெரும் பகுதி தீர்ந்துவிடும். சிவந்த மலரின் அருகே படிகத்தை வைத்துக்கொண்டு, "சிவவாதே" என்று அதனோடு போராடுவதிற் பயன் யாது? மலரை அகற்றுக, அன்றேற் படிகத்தை வேறிடத்தில் வைக்க. புத்தகத்தின் பக்கத்திலே கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு, "அதனைப் பாரேன்" என்று நிமிடந்தோறும் சபதஞ் செய்பவன், பாராதிருந்த பொழுதும் பாராமையையே சார்ந்து நிற்கின்றான், பாடத்தைச் சார்ந்தானல்லன்.

இங்கே ஒரு தடை நிகழும். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவதே இயல்பாயின், சிதறிய மாணாக்கன்மேற் குற்றம் ஏது? குற்றம் அச்சார்பை அருகே வைத்தவருடையதன்றோ? இத்தடைக்கு விடை சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரத்திலே பெறப்படும். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் ஆன்மா அல்ல. அரசனுக்கு அமைச்சர் போல அவை ஆன்மாவைச் சார்ந்து தொழிற்படுவன. அரசன், தன் அவைக்கு வருவோர் அனைவரையும் தான் வகுத்தல் இயலாது; ஆயினும் எவரை வாயிலின் உள்ளே விடுவது என்னுங் கட்டளை அவனுடையதே. அதுபோல, அருகே வந்த பொருளிலே மனம் ஓடுதல் கரணத்தின் இயல்பு. அப்பொருளை அருகே வரவிடுதல், விடாமை என்பன மாணாக்கனுடைய செயல். ஆகவே அவனுடைய கடமை நிகழுமிடம், சிதறிய பின்னர் வருந்தும் இடமன்று. படிக்க அமருவதற்கு முன்னர்ச் சார்பை வகுக்கும் இடமேயாம். வெற்றியுந் தோல்வியும் பெரும்பாலும் அங்கேயே நிச்சயிக்கப்படுகின்றன.

இதனை நம் மண்ணிலே கண்கூடாகக் கண்ட காலம் ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, போரினால் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெயும் கிடைத்தற்கு அரிதாயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சையும் எண்ணெயையும் இட்டுத் திரி கொளுத்திய விளக்கடியிலிருந்து ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்தார்கள். அவ்விளக்கு ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கே ஒளி தந்தது; எண்ணெய் உள்ள வரையே எரிந்தது. அத்துன்பத்தைப் புகழ்ந்து பேசுதல் நமது கருத்தன்று. அக்காலத்திலே கல்வி இழந்தோரும் உயிர் இழந்தோரும் பலர். ஆயினும் ஓருண்மை அங்கே விளங்கிற்று. எல்லை புறத்தே அமைந்திருந்தமையால், அகத்தே எல்லை வகுக்கும் வேலை பிள்ளைகளுக்குக் குறைவாயிருந்தது. இன்று வீடெங்கும் விளக்கு எரிகின்றது; கையிலும் ஒரு விளக்கு அணையாது எரிகின்றது. புறவெல்லை நீங்கிய பொழுதே அகவெல்லை வகுக்கவேண்டிய கடமை பிறந்துவிட்டது. வசதி வருமிடத்தெல்லாம் நியமமும் உடன்வருதல் வேண்டும். வாராவிடின் வசதியே வறுமையாகும்.

அற்றேல், அக்கருவியை முற்றாக எறிந்துவிடலாகாதோ எனின், அதுவும் பொருந்தாது. 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பல பிள்ளைகளுக்குப் பாடம் வந்த வழி அதுவேயாம். மாயையின் காரியங்களாகிய தனு கரண புவன போகங்கள் ஆன்மாவைக் கட்டுவனவாயினும், இருளிலே விளக்குப் போல அறிவு விளங்குதற்குத் துணையாவனவும் அவையே என்பது நம் கொள்கை. கருவியை வெறுத்தல் சைவநெறியன்று. கருவிக்குக் காலமும் இடமும் வகுத்தலே நெறியாம். பாடத்துக்கு அது வேண்டுமாயின் பாட நேரத்திலே கையிலிருக்க. பாடம் முடிந்தபின் வேறோர் அறையிலிருக்க.

இனி, வகுத்த இடத்தில் அமர்ந்த மாணாக்கன் கற்கும் முறை யாது என்பதை நோக்குவாம். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்கினை நம் நூல்கள் ஞானநெறிக்குப் படிகளாக ஓதும். இவை பதிஞானத்தின் பொருட்டுக் கூறப்பட்டனவாயினும், உலகக் கல்விக்கும் நன்கு பொருந்துவன. இக்காலத்து மாணாக்கருட் பலர் முதற்படியாகிய கேட்டலிலேயே நின்றுவிடுகின்றனர். பாடசாலையிலே கேட்கின்றார்கள், மாலையிலே தனியார் வகுப்பிலே அதனையே மீளவுங் கேட்கின்றார்கள், வார இறுதியிலே வேறொருவரிடம் மூன்றாம் முறையுங் கேட்கின்றார்கள். கேட்டது பெருகுகின்றது, சிந்தித்தற்கோ பொழுதில்லை.

ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பவணந்தி முனிவர் இயற்றியதும், நம் ஆறுமுக நாவலரவர்கள் காண்டிகையுரையோடு பதிப்பித்ததுமாகிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதனைக் கணக்கிட்டே கூறுகின்றது. ஆசிரியர் சொல்லியதை நன்றாகக் கேட்டாலும் கல்வியிலே காற்பங்கே கைவரும். உடன்கற்போரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதனைப் பிறருக்கு எடுத்துரைக்கும்பொழுதே நிரம்பும். அங்ஙனமாயின், நாள் முழுதும் ஆசிரியர்களிடங் கேட்டுக்கொண்டேயிருக்கும் பிள்ளை, காற்பங்கினையே மீள மீளப் பெறுகின்றதன்றி முக்காற்பங்கை இழக்கின்றதன்றோ?

மேலைத்தேயத்தாரின் சோதனைகளும் இதற்கு அரண் செய்கின்றன. எபிங்கவுசு என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கி, மனனஞ் செய்தவை எவ்வளவு விரைவாக மறக்கின்றன என்று ஆராய்ந்து 1885 ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். ஒரே அமர்விற் பலமுறை ஓதுதலினும், அவ்வோதலைப் பல நாள்களுக்குப் பகிர்ந்து செய்தல் மிகுந்த பயன் தருவதென்று அவர் கண்டார். 2006 ஆம் ஆண்டிலே ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் வேறொன்று கண்டனர். ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை நான்கு தவணையும் வாசித்தனர். மற்றொரு பகுதியினர் ஒரு தவணை வாசித்து, மூன்று தவணை அதனைப் பாராது நினைந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபொழுது வாசித்தவரே முந்தினர். ஒரு வாரத்தின் பின் சோதித்தபொழுதோ, நினைந்து எழுதியவர் நூற்றுக்கு 61 பங்கும், வாசித்தவர் நூற்றுக்கு 40 பங்குமே நினைவு கூர்ந்தனர். ஆயினும் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முன்னே மிகுதியாக நம்பியவர், பலகால் வாசித்தவரே. அறியாததனை அறிந்ததாகக் கருதும் இம்மயக்கம் மாணாக்கனுக்குப் பெரும் பகையாம். புத்தகத்தை மூடிவைத்து வெற்றுத்தாளின் முன்னே அமருதல் கசப்பானது. அது தன் அறியாமையைத் தனக்கே காட்டும். அக்காட்சியைத் தாங்குதலே நேர்மை. அந்நேர்மையே தெளிதலுக்கு வாயில்.

நிட்டையாவது தெளிந்த பொருளிலே நிலைத்து நிற்றல். ஒன்றை முடியாது விட்டு மற்றொன்றிலே தாவினால், விட்டதன் எச்சம் மனத்திலே தங்கிப் பின்னையதைக் கெடுக்கும் என்று 2009 ஆம் ஆண்டிலே சோபி லெராய் என்னும் ஆராய்ச்சியாளர் காட்டினார். கணக்கொன்றை இடையில் விட்டு ஒரு செய்தி பார்த்து மீண்டவன், ஒரு நிமிடமே இழந்ததாக எண்ணுவான். அவன் இழந்தது அம்மனநிலை முழுவதையுமாம். ஆதலால், எடுத்தது சிறிதாயினும் அதனை முடித்தே எழுதல் வேண்டும்.

இக்கடமையிலே பெற்றாருக்கும் பங்குண்டு. பிள்ளையின் சார்பை வகுப்போர் முதலிலே அவர்களேயாவர். தொலைக்காட்சியை உரக்க ஒலிக்கவிட்டு, "படி, படி" என்று கூறுதல் படிகத்தின் அருகே மலரை வைத்தலேயாம். விடியற்காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலைப் பொழுதிலும் ஒரு வகுப்பு என்று பிள்ளையின் நாளை நிரப்பிவிட்டு, அதன் மனம் ஒருமைப்படவில்லை என்று முறையிடுதல் நீதியன்று. நிரம்ப உறங்காத பிள்ளை கற்றதை இழக்கும். கற்றது நினைவில் ஊன்றுவது உறக்கத்திலேயுமாம். அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு வைதலும், பிள்ளையைப் பாடத்திலன்றி அச்சத்திலே சார்த்துதலாகும். அச்சத்தைச் சார்ந்த ஆன்மா அச்சத்தின் வண்ணமேயாம்.

பரீட்சை வேண்டாதது என்று நாம் கூறவில்லை. அது ஓர் அளவுகோல். அளவுகோலையே பொருளாகக் கருதுதல்தான் பிழை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி.ஏ. பரீட்சையிலே தேறியது 1857 ஆம் ஆண்டளவில். அவர்கள் கலித்தொகையை அச்சிட்டு வெளியிட்டது 1887 ஆம் ஆண்டில். இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். உத்தியோகப் பணிகளின் நடுவே செல்லரித்த ஏடுகளைத் தேடி, எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கிய அவ்வுழைப்புக்கு எந்தப் பரீட்சகரும் புள்ளியிடவில்லை. பட்டத்தையே சார்ந்து கற்றிருப்பாராயின், பட்டம் பெற்ற நாளிலே அவருடைய ஒருமையும் அவிந்திருக்கும்; அவர் சார்ந்தது தமிழையாதலின் அது அவியாதாயிற்று. "எல்லாரினும் மேலாவேன்" என்னும் ஆணவத்தின்மேற் கட்டிய முயற்சி, பெறுபேறு வந்தவுடன் வென்றால் இறுமாப்பாயும் தோற்றால் விரக்தியாயும் முடியும். பொருளின்மேல் அன்புகொண்டு கற்றவனுக்கோ, பெறுபேறு எதுவாயினும் கற்றது கையிலே நிற்கும்.

ஆகவே, மாணாக்கர்காள்! "எனக்கு ஒருமை இல்லை" என்று உங்களை இகழாதொழிமின். அது உங்களிடத்தே உண்டு. அதற்குத் தக்க சார்பைக் கொடுமின். அதிகாலையில் எழுந்து, நீராடி, திருநீறு தரித்து, சில நிமிடமாயினும் சிவபெருமானைச் சிந்தித்து அமருமின். அச்சிந்தனை பரீட்சையிலே தேறுதற்குக் கொடுக்கும் கையூட்டன்று. எல்லாச் சார்புக்கும் மேலாய சார்பிலே மனத்தை ஒருமுறை நிறுத்திப் பழக்குவதாம். கைத்தொலைபேசியைப் பிறிதோரிடத்தில் வைமின். ஒரு நேரத்தில் ஒரு பாடத்தையே எடுமின். வாசித்தபின் புத்தகத்தை மூடி, நினைந்து எழுதுமின். இன்று கற்றதை நாளையும், அடுத்த வாரமும் மீட்டுப் பார்மின். மாலையிலே தம்பிக்கோ தங்கைக்கோ அதனை எடுத்துரைமின். அவர்கள் கேட்கும் வினாவுக்கு விடை வாராத இடமே நீங்கள் மறுநாட் கற்கவேண்டிய இடம்.

கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும், கதிரவன் ஒளியின்றி அது காணமாட்டாது. அதுபோல நம் முயற்சியும் திருவருளின் துணையோடே பயன் தரும். ஆயினும் ஒளி வந்தபொழுது கண்ணைத் திறத்தல் நம் கடனேயாம். அக்கடனைச் செவ்வனே ஆற்றும் நன்மனத்தை நம் பிள்ளைகளுக்கு எல்லாம்வல்ல சிவபெருமான் அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்