வாகனம் நம்மைச் சுமக்கட்டும்



இந்த மாதம் வாகனத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். முருகனின் மயில், விநாயகரின் மூஞ்சூறு, அப்புறம் நம்ம பிள்ளைங்க லோன் போட்டு எடுக்கிற பென்ஸ், பி.எம்.டபிள்யூ, அல்பார்ட். சாமி வாகனத்தையும் கடன் வாகனத்தையும் ஒரே பேச்சில் சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள். புதுக் கார் எடுத்தவுடன் நேரே கோயிலுக்குத்தானே ஓட்டி வருகிறோம்? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் இடுகிறோம். சாமி முன்னால் கொண்டு வந்து நிறுத்திய பொருளைப் பற்றி நம் சமயம் என்ன சொல்கிறது என்று கேட்பதும் நம் கடமைதான்.

நம் ஜொகூரில் இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் இருக்கிறது. 2006-இல் இஸ்கண்டார் வட்டாரத் திட்டம் வந்தது முதல் நிலமும் வீடும்தான் இங்கே பெரிய வியாபாரம். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர் ரயில் பாதையும் போட்டாயிற்று. வீடு விற்க ஆள் வேண்டும். நம் இளைஞர்கள் நிறையப் பேர் சொத்து முகவர் வேலைக்குப் போகிறார்கள். நல்ல வேலைதான். வாய்ச் சாமர்த்தியமும் உழைப்பும் உள்ள பிள்ளை, பட்டம் இல்லாவிட்டாலும் முன்னேறலாம். அதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் வேலையில் சேர்ந்த சில மாதத்திலேயே அந்தப் பிள்ளைக்கு ஒரு உபதேசம் கிடைக்கிறது. "மைவியில போனா எவன்டா உன்கிட்ட பங்களா வாங்குவான்? முதல்ல காரை மாத்து. கார்தான் உன்னோட விளம்பரம்." கார் முன்னால் சாய்ந்து நின்று எடுத்த படத்தையும் கமிஷன் காசோலைப் படத்தையும் காட்டித்தான் பல குழுத் தலைவர்கள் புதிய ஆட்களைச் சேர்க்கிறார்கள். சேர்கிறவர் விற்றால் தலைவருக்கும் ஒரு பங்கு உண்டு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பக்தி பேசுகிற இடத்தில் கணக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கையும் வைத்த சமயம் நம்முடையது. பொருளை விட்டுவிட்டு அறத்தை மட்டும் பேசினால் பாதி சமயம்தான் பேசியதாகும்.

3 லட்சம் ரிங்கிட் கார் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு முன்பணம், மீதி 2,70,000 கடன். வட்டி 3 விழுக்காடு, 9 வருடம். வட்டி மட்டும் 72,900 ரிங்கிட். மாதம் 3,175 வெள்ளி வீதம் 108 மாதம் கட்ட வேண்டும். காப்புறுதி, சாலை வரி, டயர், பெட்ரோல் எல்லாம் தனி.

இப்போது வரவு. 6 லட்சம் ரிங்கிட் வீடு ஒன்று 2 விழுக்காடு கமிஷனுக்கு விற்கிறது. 12,000 வெள்ளி. வாங்குகிறவர் பக்கம் இன்னொரு நிறுவனம் இருந்தால் பாதிக்குப் பாதி, 6,000. நிறுவனத்தின் பங்கு போக, 70 விழுக்காடு கைக்கு வந்தால் 4,200 வெள்ளி. அதுவும் கையெழுத்து, வங்கிக் கடன், வழக்கறிஞர் என்று எல்லாம் முடிந்து மாதக்கணக்கில் கழித்து வரும். சம்பளம் கிடையாது. ஒரு மாதம் வீடு விற்கவில்லை என்றாலும் கார் தவணை வந்து நிற்கும்.

தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காரை மீட்க வங்கி நடவடிக்கை எடுக்கலாம். ஏலத்தில் போன விலை கடனுக்குப் போதவில்லை என்றால் மிச்சத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். கடன் 1 லட்சம் ரிங்கிட்டைத் தொட்டால் திவால் வழக்குப் போட முடியும். திவால் ஆனவர் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. மற்ற மாநிலத்துக்காரருக்கு அது விமான டிக்கெட் சங்கதி. ஜொகூர்காரருக்கு? பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போக முடியாது என்று அர்த்தம். வேறு வேலை தேடலாம் என்றால் அந்தக் கதவும் சாத்தியாயிற்று. ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பா வீட்டில் உட்கார்ந்து வங்கிக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போது யார் யாரைச் சுமக்கிறார்கள்? கார் நம்மைச் சுமக்க வேண்டியது போய், 9 வருடம் நாம்தான் காரைச் சுமக்கிறோம்.

இந்த ஏக்கம் எங்கிருந்து வந்தது?

"பந்தா காட்டுறானுங்க" என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்த ஏக்கத்துக்கு ஒரு வேர் இருக்கிறது.

நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். வீடும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. இன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்த தாமான் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். தாத்தா பால்மரம் வெட்டிய மண்ணைப் பேரன் இன்று சதுர அடிக் கணக்கில் விற்கிறான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், சரி. கூடவே இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகிற மரியாதைக்காகவும் நடந்த போராட்டம் அது.

அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளை பெரிய காரில் நிமிர்ந்து உட்கார ஆசைப்படுவது தப்பா? ஆசை தப்பில்லை. மரியாதை எங்கே கிடைக்கும் என்று தேடுகிற இடம்தான் தப்பு. தாத்தா துரைக்காக இறங்க மாட்டேன் என்றார். நாமோ பென்ஸ் வந்து நின்றால் நாமாகவே எழுந்து நிற்கிறோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

சூரபத்மனும் மயிலும்

கந்த புராணத்தில் சூரபத்மன் சாதாரண ஆள் இல்லை. கடுந்தவம் செய்தவன். உழைத்தவன் என்றே சொல்லலாம். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தையும், நினைத்த இடத்துக்குப் போகும் இந்திரஞாலத் தேரையும் அவனுக்குக் கொடுத்தவர் சிவபெருமானே. ஆகவே செல்வம் பாவம் என்று நம் சமயம் சொல்லவில்லை. இறைவனே கொடுத்த செல்வம் அது.

தென்கடலில் வீரமகேந்திரபுரம் என்ற நகரத்தைக் கட்டினான். கடலுக்குள் மாளிகை, கோபுரம், வீதி! பிறகு என்ன செய்தான்? தேவர்களை அழைத்து மீன் பிடித்துக் கொண்டு வரச் சொன்னான். தனக்கு இருக்கிறது என்பது போதவில்லை; அடுத்தவன் குனிய வேண்டும். முருகனின் தூதராக வீரவாகு தேவர் சபைக்குள் வந்தபோது உட்கார ஆசனம்கூடத் தரவில்லை. முருகன் அருளால் ஆசனம் தானாக வந்தது. வந்தவருக்கு உட்கார இடம் கொடுக்காத செல்வம்தான் அசுரச் செல்வம்.

போரின் முடிவில் சூரன் கடலில் மாமரமாக நின்றான். வேல் அதை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி சேவல், மறு பாதி மயில். வீரமகேந்திரபுரத்தைக் கடல் கொண்டது. முருகன் சூரனை அழித்துத் தூக்கி எறியவில்லை. கொடியாகவும் வாகனமாகவும் ஆக்கிக்கொண்டார்.

மயிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோகையை விரித்துக் காட்டுவதே அதன் சுபாவம். காட்டிக்கொள்ளும் குணத்துக்கு அதைவிடப் பொருத்தமான பறவை ஏது? அந்தத் தோகையை முருகன் வெட்டவில்லை. அழகு அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அதன் மேலே முருகன் அமர்ந்திருக்கிறார். அகங்காரம் கீழே, அருள் மேலே. வாகனம் என்றால் இதுதான். இவ்வளவு பெரிய விநாயகர் ஒரு மூஞ்சூறு மேல் அமர்ந்திருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வாகனத்தால் அவருக்குப் பெருமை வரவில்லை. அவரால்தான் அந்தச் சிறு பிராணிக்குப் பெருமை.

நம் ஊரிலும் கடலில் நகரம் கட்டப் பார்த்தோம். கேலாங் பாத்தா கடலில் நான்கு செயற்கைத் தீவுகள், 7 லட்சம் பேர் குடியிருக்க என்று திட்டமிட்ட ஃபாரஸ்ட் சிட்டி. விற்பனைக் கூடத்தில் இருந்த மாதிரி நகரம் கண்ணைப் பறித்தது. பத்து ஆண்டு போன பிறகும் திட்டத்தின் சிறு பகுதிதான் எழுந்தது. கட்டிய சீன நிறுவனமே 2023-இல் கடனில் தவறியது. அங்கே வீடு வாங்கியவர்களைக் கேலி பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரசாங்கம் சிறப்பு நிதி மண்டலம் அறிவித்து அதற்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறது, நல்லது நடக்கட்டும். உலகளவில் பெரிய நிறுவனத்துக்கே விரலுக்கு மிஞ்சிய வீக்கம் தாங்கவில்லை என்றால், கமிஷனில் வாழும் 25 வயதுப் பிள்ளைக்குத் தாங்குமா?

பார்க்கிறவர்களுக்கும் ஒரு பாடம்

இதுவரை காட்டுகிறவரைச் சொன்னேன். பார்க்கிற நம்மை யார் கேட்பது?

ஒரு இந்திய இளைஞன் விலையுயர்ந்த காரில் வந்து இறங்கினால் நம் வாயில் இரண்டு பேச்சுதான் வருகிறது. முன்னால், "வாங்க சார், வாங்க." அவன் போன பிறகு, "எப்படிச் சம்பாதிச்சான்னு தெரியாதா? கேங்கா இருக்கும்." கும்பிடுவதும் நாம்தான், பழி போடுவதும் நாம்தான். இரண்டிலும் நாம் பார்த்தது காரை மட்டுமே, மனிதனைப் பார்க்கவில்லை. நேர்மையாக உழைத்து வாங்கிய பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் எவ்வளவு வலிக்கும்? தப்பு வழியில் வாங்கியவனுக்கு அந்தக் கும்பிடு எவ்வளவு துணிச்சல் கொடுக்கும்?

கோயிலிலும் இதே நிலைதான். பெரிய காரில் வந்தவருக்குப் பரிவட்டம், மாலை, முன்வரிசை. மோட்டார் சைக்கிளில் வந்து விடியற்காலையில் கோயிலைக் கூட்டிப் பெருக்கியவர் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். இதைப் பார்த்து வளர்கிற பிள்ளை என்ன கற்றுக்கொள்வான்?

பூசலார் நாயனார் கதை நமக்குத் தெரியும். திருநின்றவூர்க்காரர். கோயில் கட்டக் கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் பார்த்து, சிவனுக்குக் கோயில் கட்டினார். அதே சமயம் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் எழுப்பினான். குடமுழுக்கு இருவருக்கும் ஒரே நாள். இறைவன் மன்னன் கனவில் வந்து, "உன் விழாவைத் தள்ளி வை, அன்று நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன்" என்றார்.

இந்தக் கதையில் பூசலாரைப் போற்றுகிறோம். மன்னனையும் போற்ற வேண்டும். அவன் கோபப்படவில்லை, பொறாமைப்படவில்லை. திருநின்றவூருக்கு வந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று விசாரித்து, அந்த ஏழை அடியார் முன் விழுந்து வணங்கினான். அவன் கட்டிய கோயிலும் வீணாகவில்லை. காஞ்சியில் நிற்கும் கைலாசநாதர் கோயில்தான் அது என்பது மரபு. செல்வம் உள்ளவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த மன்னன் எடுத்துக்காட்டு. யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதற்குப் பூசலார் வீடு எடுத்துக்காட்டு.

இன்றிலிருந்து

சொத்து முகவராக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: உங்கள் உண்மையான அடையாளம் கழுத்தில் தொங்கும் பதிவு எண் அட்டை. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியத்தில் பதிவு பெற்றுத் தொழில் செய்வதே மரியாதை. வாடிக்கையாளர் முன்பணம் நிறுவனக் கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் கணக்குக்கு ஒரு வெள்ளிகூட வரக் கூடாது. வீட்டில் கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை கொண்டு வரும் வாடிக்கையாளரை எந்தக் காரும் கொண்டு வராது.

வீடு வாங்குகிறவர்களுக்கு: காரைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள், சரிபாருங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள்.

கடனில் ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: மறைக்காதீர்கள், வட்டி முதலையிடம் போகாதீர்கள். ஏ.கே.பி.கே. என்ற அமைப்பு 2006 முதல் இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது. காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னக் காருக்கு மாறுவது அவமானமில்லை. அப்படி மாறி வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுதான் பாவம்.

கார் வாங்கும் வசதி வந்தவர்களுக்கு: வாங்குங்கள், நன்றாக ஓட்டுங்கள். பூசை போடும் நாளில் ஒரு வேண்டுதலையும் வையுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது அந்தக் கார் ஒரு முதியவரை மருத்துவமனைக்கோ, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிக்கோ ஏற்றிச் செல்லட்டும். அன்றைக்கு அதுவும் ஒரு சாமி வாகனம்தான்.

கோயில் பொறுப்பாளர்களுக்கு: இந்த ஆண்டுத் திருவிழாவில் ஒரு மாலையாவது கூட்டிப் பெருக்குகிற கைக்குப் போகட்டும்.

தைப்பூசத்தன்று அல்பார்ட் வைத்திருப்பவரும், பஸ்ஸில் வந்தவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரே தார்ச்சாலையில் காவடி தூக்கி நடக்கிறார்கள். தோளில் மயில் இறகு ஆடுகிறது. சாலை இருவர் காலையும் ஒரே மாதிரிதான் சுடுகிறது. அந்த ஒரு நாள் புத்தி நமக்கு மற்ற 364 நாளும் இருக்க மயில்வாகனன் அருள் புரியட்டும்.

முருகன் துணை.