வீங்கிய கால் ஒரு தீர்ப்பா?

ஹைட்டியின் லெயோகான் பகுதியில் யானைக்கால் வீக்கம் சில குடும்பங்களில் கூடுதலாகத் தென்படுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அங்கே நோயைப் பரப்புவது ஒரே கொசு, உண்டாக்குவது ஒரே புழு. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வீங்குவதே இல்லை. வீங்குவோரிடம் மரபணுவுக்கும் பங்கிருக்கலாம். அப்படியானால் மரபணுதான் முன்வினையின் கருவி என்று ஒருவர் வாதிடலாம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. துன்பம் ஏன் தனக்கு மட்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் புழு நுழையாத உடலில் அந்த மரபணு இந்த வீக்கத்தைத் தருவதில்லை. சாக்கடையைச் சீராக்கினால் கொசு குறைகிறது. லெயோகானில் டை-எத்தில்-கார்பமசின் என்ற மருந்து கலந்த சமையல் உப்பும் தொற்றைத் தடுக்கும் ஒரு வழியானது. உப்பால் விலக்கக்கூடிய ஒன்றை அறத்தின் தண்டனை என்பது அறத்தையே சிறுமைப்படுத்துவதாகும். வினைக்கொள்கையை நம்புவோரும் இதை ஏற்கலாம்: காரணம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. நோயைக் குற்றமாக்கினால் நோயாளி காலை மறைக்கிறார். தினமும் சோப்பிட்டுக் கழுவிப் பேண வேண்டிய கால் கவனிப்பாரற்றுப் புண்ணாகிறது.