கை நீட்டுமுன் கை திறப்போம்

 

நம் திண்டுக்கல் சமவெளியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். மழை பெய்தால் அவ்வூர் மதரஸாவின் ஓடு ஒழுகும். பிள்ளைகள் குர்ஆன் ஷரீபை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலைக்கு மூலை ஒதுங்குவார்கள். புதுக் கட்டிடம் எழுப்புவதென்று ஜமாஅத் முடிவு செய்து, பதினொரு பேர் கொண்ட கமிட்டி அமைந்தது. ரசீதுப் புத்தகம் அச்சாகி வந்த மறுநாளே வசூலுக்கென்று திண்டுக்கல் நகருக்குப் புறப்பட்டு விட்டார்கள். நாமும் உடன் போயிருந்தோம்.

பேகம்பூர்ப் பக்கம், தோல் வியாபாரத்திலேயே தலை நரைத்த ஒரு பெரியவரின் வீடு. உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ரசீதுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஓர் ஏடும் எழுதப்படவில்லை.

"தம்பிகளா, நீங்க எவ்வளவு எழுதியிருக்கீங்க?" என்றார்.

பதில் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றார். ஒருவர் பத்து இலட்சம் என்றார். பக்கத்திலிருந்தவர் பதினைந்து என்றார். பெரியவர் கோபிக்கவில்லை. "முதல்ல நீங்க எழுதிட்டு வாங்க. அதுக்கு அடுத்த ரசீது என்னுது, இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லி வழியனுப்பி வைத்தார். திரும்பி வந்த பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

அந்தப் பெரியவர் கேட்டது வியாபாரிக் கணக்கு என்று சிலர் நினைக்கலாம். இல்லை, அது சுன்னத்தான கேள்வி.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சியைப் பாருங்கள். முளர் கூட்டத்தைச் சேர்ந்த ஏழைகள், காலில் செருப்பின்றிக் கிழிந்த கம்பளி போர்த்தி மதீனா வந்தார்கள். அவர்களுடைய வறுமையைக் கண்டதும் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறியது. தொழுகை நடத்தி, குத்பா ஓதி, பொற்காசோ வெள்ளிக்காசோ துணியோ தானியமோ, பேரீச்சம்பழத்தில் பாதியாயினும் கொடுங்கள் என்று தூண்டினார்கள். அப்போது அன்ஸாரிகளில் ஒருவர், கை தாங்க மாட்டாத ஒரு பணப்பையைச் சுமந்து வந்து வைத்தார். அவ்வளவுதான்! ஒருவர் பின் ஒருவராக மக்கள் வந்தார்கள். உணவும் துணியும் இரண்டு குவியலாக உயர்ந்தன. நாயகத்தின் திருமுகம் பொன்னாய்ப் பிரகாசித்தது. நல்ல வழியொன்றைத் தொடங்கி வைப்பவருக்கு, அவரைப் பின்பற்றியவர்களின் கூலியைப் போன்றதும் உண்டு என்று அப்போதுதான் அருளினார்கள்.

கவனியுங்கள்! குவியலைத் தொடங்கி வைத்தது முதல் பை. அந்த முதல் பை கமிட்டியிடமிருந்து வரவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. மஸ்ஜிதுன் நபவி எழுந்தபோது நாயகம் (ஸல்) அவர்களே செங்கல் சுமந்தார்கள் அல்லவா? 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியை நிறுவிய ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் பிறர் பொருளைக் கேட்டு நின்றவர்கள் மட்டுமல்லர். தம் பொருளை வைத்தவர்கள். தான் செய்யாததைப் பிறருக்குச் சொல்வது அல்லாஹ்விடம் எவ்வளவு வெறுப்புக்குரியது என்று ஸூரத்துஸ் ஸஃப்பு எச்சரிக்கிறதே!

"எங்களிடம் வசதியில்லையே" என்று சில அங்கத்தினர்கள் சொல்லக்கூடும். அபூ அகீல் (ரலி) அவர்கள் கொண்டு வந்தது அரை ஸாவு பேரீச்சம்பழம். நயவஞ்சகர்கள் கேலி செய்தார்கள். அல்லாஹுத் தஆலாவோ ஸூரத்துத் தவ்பாவின் 79-ஆம் வசனத்தில் அந்தக் கேலிக்காரர்களைக் கண்டித்தான். தொகை சிறிதாயிருக்கலாம், ஏடு வெறுமையாயிருக்கலாகாது.

கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது. கணக்கும் வேண்டும். ஜகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள்.

நல்லவர்களின் ஸ்தாபனத்திலும் இந்த ஆபத்து உண்டு. ஸர் ஸய்யித் அஹ்மத் கான் ஊர் ஊராக நிதி திரட்டி வளர்த்த அலிகார் கல்லூரியில், 1895-ல் ஒரு தலைமை எழுத்தர் காசோலை மோசடி செய்து ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் கையாடியது வெளிப்பட்டது. ஸர் ஸய்யித் நாணயமானவர்தாம். ஆனால் ஒருவர் மீது வைத்த நம்பிக்கை கணக்குச் சோதனைக்கு ஈடாகாது. 1898-ல் அவர் கண் மூடும்வரை அந்த வேதனை அவரை விடவில்லை.

நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரார் பெட்டிக்கெல்லாம் பூட்டுச் செய்து கொடுத்த நாம், நம் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளை இருவர் கையில் கொடுக்கத் தயங்கலாமா?

ஆகவே புறப்படுமுன் கமிட்டி கூடி உட்காரட்டும். எஞ்சினீயரிடம் மதிப்பீடு வாங்கி, எல்லார் வாயிலும் ஒரே தொகை வரட்டும். பேங்கில் இருவர் கையெழுத்துடன் கணக்குத் திறக்கட்டும். ஜகாத்தைத் தனியே வைக்கட்டும். அது 9:60 வசனம் சொல்லும் எட்டு வகையினரின் உரிமை. சுவருக்கும் கூரைக்கும் அது ஆகாது. ஏழை மாணவருக்குக் கொடுக்கலாம். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் தம் சம்பாத்தியத்தைப் பேங்க் மூலமே அனுப்பட்டும். அயல்நாட்டுக் குடிமக்களிடம் வாங்குவதென்றால் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பதை மறந்து விடலாகாது.

வீட்டிலுள்ள பெண்மக்களையும் கேளுங்கள். பெருநாளன்று பிலால் (ரலி) அவர்கள் விரித்த துணியில் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றிப் போட்டவர்கள் ஸஹாபிப் பெண்கள் அல்லவா?

அந்த ஊர்க் கமிட்டி அடுத்த ஜும்ஆ இரவு இஷாவுக்குப் பின் கூடியது. மளிகைக் கடைக்காரர் 50,000 ரூபாய் எழுதினார். ஆட்டு வியாபாரி 20,000 எழுதினார். தினக்கூலிக்குப் போகும் ஓர் அங்கத்தினர் வெகுநேரம் தலைகுனிந்திருந்து, "வாரம் 50 ரூபா, கட்டிடம் முடியுற வரைக்கும்" என்றார். பதினொரு ரசீதும் எழுதி முடித்தபோது, முன்பு எதற்கெடுத்தாலும் வாதாடியவர்கள்கூட அமைதியாயிருந்தார்கள். பன்னிரண்டாவது ரசீதை எழுத மறுபடியும் பேகம்பூர் போனோம். பெரியவர் முதல் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் படித்தார். வாரம் 50 ரூபாயென்ற ரசீதில் அவர் விரல் நின்றது. பிறகு பேனாவைக் கேட்டார்.

சகோதரர்களே! உங்கள் ஊரிலும் ஒரு கூரை ஒழுகிக் கொண்டிருக்கலாம். முதல் ரசீதில் யார் பெயர்?

வல்ல நாயன் நம் கொடைகளை முகஸ்துதியிலிருந்தும், நம் கைகளை அமானித மோசடியிலிருந்தும் காத்தருள்வானாக! முந்திக் கொடுப்போரில் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.