வினாவை வினவுதல்

ஒரு வினாவுக்கு விடை நமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. அவ்வினாவுக்கு விடையே கிடையாது என்பது மற்றொன்று. விடை உண்டு, ஆனால் கேட்ட முறையில் கேட்டால் அது வெளிப்படாது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவது நம்மிடையே பெருவழக்கு. இம்மயக்கம் அறிவைக் கெடுப்பதோடு நில்லாது, ஒழுக்கத்தையும் கெடுக்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் கூட்டமொன்றில் ஓர் இளைஞர் எழுந்து, "ஐயா, குவாண்டம் கணிப்பொறி என்று ஒன்று வந்துள்ளதாம். அதனுள்ளே ஒரு பொருள் ஒரே வேளையில் 'ஆம்' ஆகவும் 'இல்லை' ஆகவும் இருக்குமாம். இதைத்தானே பகவான் அன்றே அருளினார்?" என்று கேட்டார். கூடியிருந்தோர் முகங்களில் பெருமிதம் படர்ந்தது. நான் உடனே விடை கூறவில்லை. ஆய்ந்து சொல்ல வேண்டிய வினா அது. இப்போது கூற முயல்கிறேன்.

மணிமேகலையின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் வினாக்களுக்கு விடை இறுக்கும் முறை நான்கு என விளக்குகிறார். தோன்றிய பொருள் அழியுமா என்றால் அழியும் என அறுதியிட்டுக் கூறுவது துணிந்து சொல்லல். இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்றால், பற்று அற்றவனா அல்லாதவனா எனப் பிரித்து உரைப்பது கூறிட்டு மொழிதல். பனைக்கு முந்தியது எது என்பது போன்ற வினாவுக்கு, எந்தப் பனையைக் கேட்கிறாய் எனத் திருப்பிக் கேட்பது வினாவின் விடுத்தல். ஆகாயத்தில் பூத்த பூ பழையதா புதியதா என்று கேட்பவனுக்கு மறுமொழி கூறாதிருப்பது வாய்வாளாமை. இந்நான்கையும் மனத்தில் இருத்திக்கொண்டு கணிதத்திற்குச் செல்வோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களைக் கடந்து களியக்காவிளைக்கு வரும் பெருஞ்சாலையை நம்மில் பலர் அறிவோம். அது தென்கிழக்காகச் செல்வது. கணக்கின் எளிமை கருதிச் சரிபாதித் தென்கிழக்கு என வைத்துக்கொள்வோம். "இச்சாலை கிழக்கே போகிறதா, தெற்கே போகிறதா? ஒன்றைச் சொல்" என்று ஒருவர் வற்புறுத்தினால் என் செய்வது? கிழக்கு என்பதும் பிழை. தெற்கு என்பதும் பிழை. ஆயினும் சாலைக்குத் திசை இல்லை என்றோ, அத்திசை நமக்குத் தெரியவில்லை என்றோ கூறலாகாது. திசை உண்டு, திட்டமாகவும் உண்டு. கேட்டவர் வைத்த இரு கோல்களில் எதன்மேலும் அது படியவில்லை, அவ்வளவே. கோலைத் திருப்பி வைத்து, "தென்கிழக்கா, வடகிழக்கா?" என்று கேட்டால் விடை ஐயமின்றி வந்துவிடும்.

குவாண்டம் கணிப்பொறியின் அடிப்படை அலகும் இத்தகையதே. சாதாரணக் கணிப்பொறியின் அலகு 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். குவாண்டம் அலகிலோ 0 என்பது கிழக்கு, 1 என்பது தெற்கு என்பது போன்று, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகள் உள்ளன. அலகின் நிலை இவற்றுக்கு இடைப்பட்ட எத்திசையிலும் இருக்கலாம். ஒவ்வொரு திசையிலும் அதற்குள்ள கூற்றை வர்க்கமாக்கினால், அத்திசை விடையாக வருவதற்கான வாய்ப்புக் கிடைக்கும். இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 1. தென்கிழக்கு நிலையில் உள்ள அலகைப் பார்த்து "0 ஆ, 1 ஆ?" என்று கேட்டால் ஒவ்வொன்றும் பாதி வாய்ப்புடன் வரும்.

"அப்படியானால் இது மூடிய சிரட்டைக்குள் குலுக்கிய காசு போன்றதுதானே? தலையோ பூவோ, ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை" என்று கூறத் தோன்றும். அன்று. காசை மீண்டும் குலுக்கினாலும் பாதிக்குப் பாதி என்னும் நிலை மாறாது. குவாண்டம் அலகில், கிழக்கைத் தென்கிழக்காகவும் தெற்கை வடகிழக்காகவும் திருப்பும் செயல் ஒன்று உண்டு. கிழக்கில் தொடங்கி அதை ஒருமுறை செய்தால் பாதிக்குப் பாதி. இடையில் எதுவும் கேளாமல் மறுமுறையும் செய்தால், கிழக்கின் கூறுகள் அரையும் அரையும் கூடி 1 ஆகின்றன. தெற்கின் கூறுகள் அரையில் அரை கழிந்து 0 ஆகின்றன. விடை உறுதியாகக் கிழக்கே. அறியாமையோடு அறியாமையைச் சேர்த்தால் அறிவு பிறக்காது. ஆகவே முதலில் இருந்த நிலை அறியாமை அன்று. திட்டமான ஒரு நிலையே. எல்லாம் அந்தக் கழித்தற்குறியின் வேலை. வாய்ப்பு ஒருபோதும் கழித்தலாகாது; கூறு கழித்தலாகும்.

கணிப்பொறியின் ஆற்றலும் இதனின்றே பிறக்கிறது. அது எல்லா விடைகளையும் ஒரே நொடியில் படித்துவிடும் என்று எழுதுவோர் உளர். அது உண்மையன்று. கேட்கும்போது ஒரு விடையே வரும். பிழையான விடைகளின் கூறுகள் தம்முள் கழிந்து ஒழியவும், சரியான விடையின் கூறு கூடிப் பெருகவும் வழி செய்வதே அக்கலை. டில்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற லவ் குரோவர் 1996-இல் கண்ட முறை இதற்குச் சான்று. ஒழுங்கின்றிக் கிடக்கும் பத்து லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட, பழைய முறையில் சராசரியாக ஐந்து லட்சம் முறை பார்க்க வேண்டும். அவர் முறையில் ஏறத்தாழ 785 முறை போதும்.

இந்த நிலைக்கு உரிய அளவை நூல் யாது? 1936-இல் பிர்க்காஃபும் வான் நாய்மனும் இதனை ஆராய்ந்தனர். வழக்கமான அளவையில், ஒருவன் உழவன், அவன் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வாழ்பவன் என்றால், அவன் பாறசாலை உழவன் அல்லது நெய்யாற்றின்கரை உழவன் என்பது பெறப்படும். திசைகளின் அளவையில் இது பொய்க்கிறது. கிழக்கும் தெற்கும் சேர்ந்து உருவாக்கும் சமதளத்தில் நம் சாலை அடங்கும். ஆயினும் சாலைக்கும் கிழக்குக்கும் பொதுவான திசை இல்லை, சாலைக்கும் தெற்குக்கும் பொதுவான திசை இல்லை. 1967-இல் கோச்சனும் ஸ்பெக்கரும் மேலும் ஒரு படி சென்றனர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட செங்குத்துத் திசைகளையுடைய பொருளில், உடன் கேட்கப்படும் பிற வினாக்கள் எவையாயினும் மாறாத 'ஆம், இல்லை' விடைகளை எல்லா வினாக்களுக்கும் முன்னரே முரணின்றி எழுதி வைத்தல் இயலாது என நிறுவினர். அதாவது, எந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேட்கிறாய் என்று அறியாமல் விடை கூறுதல் கூடாது.

நம் நாட்டிலும் அளவையைத் திசைகளால் எழுத முயன்ற பேரறிஞர் ஒருவர் இருந்தார். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையை வளர்த்த ஜி. என். இராமச்சந்திரன் அவர். 1980-களில் அவர் சமணரின் சியாத்வாதத்தைத் துணைக்கொண்டு ஓர் அளவை முறையை அமைத்தார். அதில் (1, 0) உண்மை; (0, 1) பொய்; (1, 1) ஐயம்; (0, 0) முரண். நான்கு நிலைகள் நான்கு எண்ணிணைகளாயின. ஆனால் இங்கே கழித்தற்குறி இல்லை. ஆதலின் (1, 1) என்பது நம் அறிவின் குறையைக் காட்டுமேயன்றி, பொருளின் தனி நிலையைக் காட்டாது. தென்கிழக்கையும் வடகிழக்கையும் வேறுபடுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. இரண்டு முறைகளும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை, உள்ளே வேறானவை.

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். "பகவான் இதைத்தானே அருளினார்?" அல்ல என்பதே விடை, இதைத் துணிந்து சொல்ல வேண்டும். ஆகாயப் பூ இல்பொருள். அதனால் அங்கே மௌனம். குவாண்டம் நிலை உள்பொருள். அதற்குத் திட்டமான திசை உண்டு. அக்கழித்தற்குறியும் அவ்வர்க்கங்களும் நம் முன்னோர் நூல்களில் இல்லை. இல்லாததை உண்டென்று உரைப்பது, எவ்வளவு பக்தியோடு உரைத்தாலும், நான்காம் சீலத்திற்கு இழுக்கே. பிறர் தேடிய செல்வத்தைத் தம் முன்னோர் பெயரில் எழுதிக்கொள்ளும் வழக்கத்தால் துன்புற்றவர்கள் நாம்; அவ்வழக்கத்தை நாமே கைக்கொள்ளலாமா? முன்னோர் நமக்கு விட்டுச் சென்றது விடையன்று. வினாவை முதலில் ஆராய்க என்னும் பழக்கம். அது சிறிய செல்வமன்று.

அப்பழக்கத்தின் தேவையை எல்லைப்புறச் சிற்றூர்களில் காணலாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது நிலத்தின்மீது, பேச்சின்மீது விழவில்லை. பாறசாலைப் பக்கத்தில் தாயோடு ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் சந்தையில் இரண்டும் கலந்தும் பேசும் குடும்பங்கள் உண்டு. குடிமதிப்புப் படிவத்தில் தாய்மொழி என ஒன்றையே எழுத முடியும். அவர் ஒன்றைச் சொல்வார். அது எண்ணிக்கையில் சேரும். பின்னர் நாம் அவ்வெண்ணை எடுத்துக்கொண்டு, "இவர் முன்பே இன்னார்தான்" என்கிறோம். அவர் தம்மை அறியாதவர் அல்லர், இரண்டுங்கெட்டவரும் அல்லர். அவர் திசை தென்கிழக்கு. நாம் நீட்டிய கோல்களோ கிழக்கும் தெற்கும்.

கோட்டயத்தில் பிறந்தவரும், 1980-களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருமான ஈ. சி. ஜி. சுதர்சன், 1977-இல் வைத்தியநாத மிஸ்ராவுடன் வெளியிட்ட ஆய்வு ஒன்றையும் இங்கே கருத வேண்டும். கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி மெல்லத் திரும்பும் ஓர் அலகை நினைத்துக்கொள்க. திரும்பி முடிந்தபின் ஒருமுறை "இன்னும் கிழக்கா?" என்று கேட்டால், இல்லை என்றே வரும். 30 பாகைக்கு ஒருமுறையாக மூன்று முறை கேட்டால், ஒவ்வொரு முறையும் 'ஆம்' வருவதற்கான வாய்ப்பு நான்கில் மூன்று. 'ஆம்' வந்ததும் அலகு மீண்டும் கிழக்கிலேயே நிறுத்தப்படுகிறது. மூன்று முறையும் 'ஆம்' வருவதற்கு நூற்றுக்கு 42 வாய்ப்பு. ஒவ்வொரு பாகைக்கும் ஒருமுறையாகத் தொண்ணூறு முறை கேட்டால் நூற்றுக்கு 97. ஓயாமல் கேட்பதே திரும்பவொட்டாமல் தடுக்கிறது. 1990-இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் பெரிலியம் அயனிகளைக் கொண்டு இவ்விளைவைச் சோதித்தும் கண்டனர்.

மனிதன் அயனி அல்லன். அணுவின் கணக்கு அறத்தை நிறுவும் என்று நான் கூறவில்லை. கூறினால் அவ்விளைஞர் செய்த பிழையையே நானும் செய்தவனாவேன். ஆயினும் ஒன்றைப் பார்த்தபின் மற்றொன்றை எண்ணாதிருக்க முடியவில்லை. தம்மத்தை ஏற்ற ஒருவரைப் பார்த்து, "அது சரி, இதற்கு முன் நீங்கள் என்ன?" என்று கேட்பவர் எத்தனை பேர்! பள்ளியில் ஒருமுறை, வீட்டு வாடகைக்கு ஒருமுறை, திருமணப் பேச்சில் ஒருமுறை. கேட்பவர் அறிய விரும்பிக் கேட்பதாகவே எண்ணுகிறார். கேட்கும் ஒவ்வொரு முறையும் அம்மனிதரைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டு நிறுத்துகிறோம் என்பதை அவர் அறியார். பிறர் கேட்பது இருக்கட்டும். நம் கூட்டங்களுக்குப் புதிதாக வருபவரிடம் நாமே அதைக் கேட்பதில்லையா?

ஆதலின் அன்பர்களே, விடையைக் கோருமுன் வினாவை வினவுவோம். எந்தக் கோலை நீட்டுகிறோம், அக்கோல் அவருக்கு உரியதா என்று பார்ப்போம். திரும்பிக்கொண்டிருக்கும் ஒருவரைத் திரும்ப விடுவோம்.