இடுப்பும் வாசலும்

1962 மே முதல் தேதியன்று, கான்சஸ் மாநிலத்தின் அபிலீன் நகரில் தன் பெயரில் அமைந்த நூலகத்தின் திறப்பு விழாவில் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஐசனோவர் பேசினார். மேற்கே வண்டி கட்டிக்கொண்டு வந்து குடியேறிய அந்த முன்னோடித் தலைமுறை இன்று திரும்பி வந்து, நம் மக்கள் ட்விஸ்ட் ஆடுவதைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று கேட்டார். அழகு, கண்ணியம், ஒழுக்கம் குறித்த நம் எண்ணங்களுக்கு என்ன ஆயிற்று என்று வருந்தினார்.

அந்த வருத்தத்தை ஏளனம் செய்வது எளிது. ஆனால் ஐசனோவர் அற உணர்வு இல்லாத மனிதரல்லர். 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதற்காக ராணுவத்தையே அனுப்பியவர். அப்படிப்பட்டவருக்கும் அந்த நடனத்தில் ஒழுக்கக் கேடாகத் தெரிந்தது இடுப்பின் அசைவுதான். நடனம் நடந்த அரங்கின் வாசலில் என்ன நடந்தது என்பது அந்தப் பேச்சில் வரவில்லை. அவர் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் நடனத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பெரும்பாலானோர் பார்த்தது இடுப்பை. அறம் குறித்த நம் பேச்சு ஏன் கண்ணெதிரே ஆடுவதிலேயே நின்றுவிடுகிறது, வாசல்வரை ஏன் போவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் அந்த நடனம். 'தி ட்விஸ்ட்' பாடலை எழுதி முதலில் பாடியவர் ஹாங்க் பாலர்ட் என்ற கறுப்பினப் பாடகர். 1959இல் ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் அது வெளியானது. மறு ஆண்டு பிலடெல்பியாவில் எர்னஸ்ட் எவன்ஸ் என்ற பதினெட்டு வயது இளைஞர், சப்பி செக்கர் என்ற பெயரில் அதையே மீண்டும் பாடினார். 1960 செப்டம்பரில் அந்தப் பாடல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. நியூயார்க்கின் பெப்பர்மிண்ட் லவுஞ்சில் பணக்காரர்களும் சினிமாக்காரர்களும் அதற்கு ஆடத் தொடங்கியதும், 1962 ஜனவரியில் மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. குளித்துவிட்டுத் துண்டால் முதுகைத் துடைப்பதுபோல் கைகளை அசை, சிகரெட் துண்டைக் காலால் நசுக்குவதுபோல் பாதத்தைத் திருப்பு: இவ்வளவுதான் பாடம். பிறகு மேஷ்ட் பொட்டேட்டோ, லோகோமோஷன், வடூசி என்று வரிசையாக வந்தன. சில மாதம் நாடே ஆடும். அப்புறம் அடுத்தது வரும்.

இந்த நடனங்களில் ஒரு புதுமை இருந்தது. ட்விஸ்ட்டில் யாரும் யாரையும் தொடுவதில்லை. அதுவரை ஜோடி நடனத்தில் ஆண் நடத்துவான், பெண் பின்தொடர்வாள். இங்கே நடத்துபவர் என்று ஒருவர் இல்லை. எதிரெதிரே நின்றாலும் அவரவர் ஆட்டம் அவரவருக்கு. பதினைந்து வயதுப் பெண் யாரும் வந்து கைநீட்டும்வரை சுவரோரம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மகிழ்ச்சி பொய்யாக இருந்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

இந்த ஆட்டங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது தொலைக்காட்சி. 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' 1952இல் பிலடெல்பியாவின் உள்ளூர் நிகழ்ச்சியாகத் தொடங்கியது. 1956இல் டிக் கிளார்க் அதன் தொகுப்பாளரானார். 1957 ஆகஸ்ட் 5 முதல் ஏபிசி வழியாக நாடு முழுவதும் ஒளிபரப்பானது. பள்ளி விடும் நேரத்தில் நிகழ்ச்சி. பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆடுவார்கள். பையன்கள் கோட்டும் டையும் அணிந்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் பெட்டியைப் பார்த்து அதே அடியைப் பழகுவார்கள்.

அரங்கம் இருந்தது மேற்கு பிலடெல்பியாவில், 46ஆம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில். நடந்தே வரக்கூடிய தூரத்தில் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்தன. பாடகர்களாகக் கறுப்பினத்தவர் வந்தார்கள். ஆனால் தளத்தில் ஆடிய பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையினத்தவர்.

"கறுப்பினத்தவருக்கு அனுமதியில்லை" என்று அங்கே பலகை தொங்கவில்லை. பொறுப்பேற்றதும் நிகழ்ச்சியை எல்லோருக்கும் திறந்துவிட்டேன் என்று கிளார்க் பின்னாட்களில் சொல்லிவந்தார். வரலாற்றாய்வாளர் மேத்யூ டெல்மாண்ட் 2012இல் வெளியிட்ட நூலில் அந்தக் கூற்றைச் சோதித்துப் பார்க்கிறார். நடைமுறையில் உள்ளே போக முன்கூட்டியே எழுதிப்போட்டு சீட்டு வாங்க வேண்டும், அல்லது உறுப்பினர் அட்டை வேண்டும். விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் இருக்கும். உடைக்கும் ஒரு விதி. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமானதுதான். சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சல்லடை. அதைப் புரிந்துகொண்ட கறுப்பின இளைஞர்கள் சிலர், ஐரிஷ், போலிஷ், இத்தாலியக் குடும்பப் பெயர்களைப் போட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். அட்டைகள் தபாலில் வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள்.

என் தொழிலில் இது பழகிய விஷயம். ஒரு கணினி அமைப்பில் யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று வரையறுக்க இரண்டு வழிகள் உண்டு. தடுக்கப்பட்டவர்களின் பட்டியல் வைத்திருக்கலாம்; அல்லது அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியல் வைத்திருக்கலாம். முதல் வகையில் ஒருவரை ஒதுக்க வேண்டுமானால் அவர் பெயரை எழுதியாக வேண்டும். எழுதினால் சாட்சி இருக்கும். ஏன் என்று யாராவது கேட்கலாம். இரண்டாவது வகையில் யார் பெயரையும் எழுத வேண்டாம். வேண்டியவர்களின் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் போதும். வெளியே நிற்பவரை யாரும் தடுக்கவில்லை, அவர் இன்னும் சேர்க்கப்படவில்லை, அவ்வளவே. தணிக்கைக்கு வருபவர் எந்தக் கோப்பைப் புரட்டினாலும் குற்றவாளி அகப்பட மாட்டார். பேண்ட்ஸ்டாண்டின் வாசல் இரண்டாவது வகை.

ஆனால் ஆள் நுழையாத இடத்தில் அடி நுழைந்தது. பக்கத்தில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் மிட்ச் தாமஸ் என்ற கறுப்பினத் தொகுப்பாளர் 1955 முதல் 1958 வரை ஒரு நடன நிகழ்ச்சி நடத்தினார்; அங்கே ஆடியவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். பேண்ட்ஸ்டாண்டின் பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து 'ஸ்ட்ரோல்' என்ற நடனத்தைக் கற்றுக்கொண்டு தங்கள் தளத்தில் ஆடினார்கள். அவர்கள் ஆடித்தான் நாடு அதைத் தெரிந்துகொண்டது. அசைவுக்குச் சீட்டு தேவையில்லை. அது ஊர்விட்டு ஊர் போகும். 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' காலத்தில் கோடம்பாக்கம்வரைகூட வந்துவிட்டது. வாசல் மட்டும் அதனுடன் பயணம் செய்வதில்லை. அது பிறந்த ஊரிலேயே நின்றுவிடுகிறது.

தொடாத நடனத்தில் எதைக் கண்டு பயந்தார்கள்? இதற்கு விடை 1957 கோடையிலேயே கிடைத்துவிட்டது. ஆலன் ஃப்ரீட் அதே ஏபிசியில் ஓர் இசை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பதினான்கு வயதுக் கறுப்பினப் பாடகன் ஃப்ராங்கி லைமன் அதில் ஒரு வெள்ளைச் சிறுமியுடன் ஆடினான். தென்மாநில நிலையங்கள் கொதித்தன. நிகழ்ச்சி விரைவில் நிறுத்தப்பட்டது. இரண்டு பிள்ளைகள் ஒரே சட்டகத்துக்குள் மகிழ்ச்சியாக இருப்பதும், அதை இன்னொரு பிள்ளை தன் வீட்டில் உட்கார்ந்து இயல்பாகப் பார்ப்பதும்தான் அவர்களால் பொறுக்க முடியாத காட்சி.

இந்தப் பயத்தின் முழு விலையைச் செலுத்திய ஊர் பால்டிமோர். அங்கே டபிள்யூஜேஇசட் நிலையத்தில் 1957 முதல் 'பட்டி டீன் ஷோ' என்ற நடன நிகழ்ச்சி வாரத்தில் ஆறு நாள் நடந்தது. 'கமிட்டி' என்றழைக்கப்பட்ட, தேர்ந்தெடுத்த பிள்ளைகள் அதில் ஆடுவார்கள். ஊரில் அவர்கள் நட்சத்திரங்கள். எல்லோரும் வெள்ளையினத்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒரு நாள் தனியே ஒதுக்கப்பட்டது. 1963 ஆகஸ்ட் 12 அப்படி ஒரு நாள். மார்கன் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய சமத்துவ இயக்கம் ஒன்று அன்றைய சீட்டுகளைப் பெற்றது. கறுப்பின, வெள்ளையின இளைஞர்கள் சேர்ந்து உள்ளே போனார்கள். சேர்ந்து ஆடினார்கள். அது நேரடியாக ஒளிபரப்பானது.

நிலையத்துக்குக் குண்டு மிரட்டல்கள் வந்தன, வசைக் கடிதங்கள் வந்தன. வாசலைத் திறப்பதா, பழையபடி நடத்துவதா என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நிலையம் மூன்றாவது வழியைத் தேர்ந்தது. 1964 ஜனவரி 4ஆம் தேதியோடு நிகழ்ச்சியையே மூடிவிட்டார்கள். கமிட்டிப் பிள்ளைகளில் பலர் சேர்ந்து ஆடத் தயாராக இருந்தார்கள், பெற்றோர்தான் ஒப்பவில்லை என்று நிகழ்ச்சியில் இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அதே ஊர்க்காரரான ஜான் வாட்டர்ஸ் இதை வைத்து 1988இல் 'ஹேர்ஸ்பிரே' படத்தை எடுத்தார். அது 2002இல் பிராட்வே இசை நாடகமாகி, 2007இல் மறுபடி படமானது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் அதை விரும்பி மேடையேற்றுகின்றன. என் மகளின் பள்ளியிலும் ஆடினார்கள். கடைசிக் காட்சியில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் ஆடுவார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். கலை அப்படி ஒரு முடிவைக் கொடுப்பதில் தவறில்லை. நடந்திருக்க வேண்டியது எது என்று காட்டுவதும் கலையின் வேலைதான். ஆனால் அந்தக் கைதட்டலில் ஒரு வசதி இருக்கிறது. வாசல் என்றோ திறந்துவிட்டது, நாம் திறந்தவர்களின் பக்கம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பால்டிமோரில் அன்று வாசல் திறக்கவில்லை. திறப்பதைவிட விளக்கை அணைப்பது மேல் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

சரி, உள்ளே ஆடிய பிள்ளைகள் குற்றவாளிகளா? பதினைந்து வயதுப் பிள்ளை. பள்ளி விட்டதும் பேருந்து பிடித்து வந்து ஆடுகிறது. விதியை அது எழுதவில்லை. விண்ணப்பங்களை அது பிரிக்கவில்லை. அதன் மகிழ்ச்சியின்மேல் நாட்டின் பாவத்தைச் சுமத்துவது நியாயமா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் இந்த முடிச்சை அவிழ்க்க உதவுகிறார். அவர் மறைந்தபின் 2011இல் வெளியான நூலில் குற்றத்தையும் பொறுப்பையும் அவர் பிரிக்கிறார். குற்றம் பின்னோக்கிப் பார்ப்பது: யார் செய்தார், எவ்வளவு செய்தார் என்று கேட்பது. பலரும் விதிப்படி நடந்தும் அநீதி விளைகிறபோது அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. பொறுப்பு முன்னோக்கிப் பார்ப்பது. இந்த ஏற்பாட்டில் நீயும் பங்கேற்கிறாய்; ஆகவே இதை மாற்றும் வேலையிலும் உனக்குப் பங்குண்டு என்பது. இந்த அளவில் பார்த்தால் அந்தப் பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை. ஆனால் 1963 ஆகஸ்ட் 12க்குப் பிறகு, வாசல் இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபிறகு, "எனக்கு ஆட மட்டும்தான் தெரியும்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்குக் குறைந்துவிட்டது. அதைவிட அவர்களின் பெற்றோருக்குக் குறைந்தது. எல்லோரையும்விட நிலையத்துக்குக் குறைந்தது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, அளவு ஒன்றல்ல.

இன்னொரு சோதனையும் எனக்குத் தோன்றுகிறது. ஒரு மகிழ்ச்சி வாசல் திறந்தபின்னும் மகிழ்ச்சியாக இருக்கிறதா? இருந்தால் அது ஆட்டத்தினால் வந்தது. வாசல் திறந்ததும் கசந்துபோனால், அதில் ஒரு பகுதி, வெளியே யாரோ நிற்கிறார்கள் என்பதிலிருந்து வந்திருக்கிறது. பால்டிமோரிலேயே இந்தச் சோதனைக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. க்வின் ஓக் என்ற கேளிக்கைப் பூங்காவும் வெள்ளையினத்தவருக்கு மட்டுமானதாக இருந்தது. 1963 ஜூலையில் பாதிரிமார்களும் மாணவர்களும் அங்கே மறியல் செய்து நூற்றுக்கணக்கில் கைதானார்கள். ஆகஸ்ட் 28 அன்று பூங்கா எல்லோருக்கும் திறந்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாளில், ஒரு கறுப்பினக் குழந்தை அங்கே குதிரை ராட்டினத்தில் ஏறிச் சுற்றியது. பூங்கா மேலும் பல ஆண்டுகள் நடந்தது. 1972இல் அதை மூடவைத்தது புயல் வெள்ளம். நடன நிகழ்ச்சிக்கு அந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை.

புலம்பெயர்ந்த நமக்கும் அரங்குகள் இருக்கின்றன. பொங்கல் விழா, கலை மாலை, அரங்கேற்றம், பிள்ளைகளின் சினிமாப் பாட்டு நடனம். எந்தச் சங்கத்தின் விதிப்புத்தகத்திலும் சாதி இல்லை. "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி மட்டும் காபி மேசையருகே அன்பாகவே கேட்கப்படுகிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோதும், அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் சட்ட முன்வடிவு ஆளுநரின் மறுப்பாணையில் நின்றபோதும், "நம்மிடையே அப்படி எதுவும் இல்லையே, எங்கே எழுதியிருக்கிறது?" என்று பலர் கேட்டார்கள். எங்கும் எழுதியிருக்காது. பேண்ட்ஸ்டாண்டிலும் எழுதியிருக்கவில்லை. அதே மேசையில், மேடையில் நம் பெண்கள் என்ன உடுத்தி எப்படி ஆடுகிறார்கள் என்பதுபற்றி மணிக்கணக்கில் பேச நமக்கு நேரம் இருக்கிறது.

ஆடுவதை நிறுத்தச் சொல்ல வரவில்லை. பால்டிமோர் நிலையம் செய்தது அதைத்தான், அதுதான் மோசமான விடை. ஆட்டம் நடக்கட்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தளத்திலிருப்பவர்களில் ஒருவராவது வாசல்பக்கம் போய், இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டு வரட்டும். க்வின் ஓக்கின் அந்த ராட்டினம் பின்னாளில் வாஷிங்டன் நேஷனல் மாலுக்கு வந்து சேர்ந்தது. எந்தக் குழந்தை வேண்டுமானாலும் ஏறலாம் என்றான பிறகும் அதன் குதிரைகள் பழைய வேகத்திலேயே சுற்றின.